விமான ஒளிப்படமும் பாடசாலைப் புவியியலும்: இனங்காண்டலும் வியாக்கியானமும்

புவியியல் நிலத்தைக் கற்கும் இயல். ஆயினும் பாடசாலை மாணவர் நிலத்தை நேரிற் காண்பதிலும் பார்க்க அதன் பதிலிகளையே மிகுதியாகக் காண்கின்றனர். தேசப்படம், வரைபு, அட்டவணை, ஒளிப்படம் என்பன அத்தகைய பதிலிகளாம். இவற்றுள் விமான ஒளிப்படம் தனித்தன்மை வாய்ந்தது. தேசப்படத்தில் எதனைக் காட்டுதல், எதனை விடுதல் என்பதை அதனை வரைந்தோர் முன்னரே தீர்மானித்துவிடுகின்றனர். தாம் இட்ட குறியீடுகளுக்கு ஓரத்தில் விளக்கமுந் தருகின்றனர். விமான ஒளிப்படத்திலோ குறிவிளக்கம் இல்லை, ஊர்ப்பெயர் இல்லை, எல்லைக்கோடு இல்லை. வில்லைக்குள் அகப்பட்ட யாவும் ஒரு நிகராகப் பதிந்துள்ளன. அவற்றுள் எது பொருளுடையது, அப்பொருள் யாது என்று தீர்மானிக்கும் பொறுப்பு அதனை வாசிப்பவரையே சார்கின்றது. இப்பொறுப்பே வியாக்கியானம் எனப்படும்.

பாடசாலைப் புவியியலில் விமான ஒளிப்படம் கையாளப்படும் முறையை இந்நோக்கில் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வகுப்பறைகளிற் பெரிதும் நிகழ்வது இனங்காண்டலேயன்றி வியாக்கியானமன்று. இனங்காண்டலுக்கென வழங்கப்படும் விதிகளும் வேற்று நிலங்களிற் பெறப்பட்டவை. இவ்விரண்டினாலும் ஐயுறுதல், சான்று காட்டல் ஆகிய பயிற்சிகளை மாணவர் இழக்கின்றனர் என்பனவே இங்கு வலியுறுத்தப்படுவன.

கலையின் வளர்ச்சி

விமானம் தோன்றுவதற்கு முன்னரே வானிலிருந்து ஒளிப்படமெடுக்கும் முயற்சி தோன்றிவிட்டது. 1858 இல் நடார் என்னும் புனைபெயருடைய பிரெஞ்சு ஒளிப்படக்கலைஞர் பாரிஸ் நகரையடுத்த பியேவ்ர் என்னும் ஊரின் மேலாகப் பலூனிற் சென்று படமெடுத்தார். அப்படங்கள் இன்று இல்லை. 1860 இல் ஜேம்ஸ் வொலஸ் பிளக் என்பார் பலூனிலிருந்து எடுத்த பொஸ்ரன் நகரப் படமே எஞ்சியுள்ளவற்றுட் பழமையானது. முதலாம் உலகப்போர் இதனை ஒரு முறைசார்ந்த கலையாக்கிற்று. போரின்பின் ஓ. ஜீ. எஸ். குரோபோட் என்னும் ஆங்கிலேயர் அதனைத் தொல்லியலுக்குத் திருப்பினார். நிலத்தில் நடப்பவர் கண்ணுக்குப் புலப்படாத பண்டைய வயல்வரம்புகள் பயிரின் நிறவேறுபாட்டால் வானிலிருந்து புலப்படுதலை, அலெக்சாண்டர் கெயிலருடன் இணைந்து 1928 இல் அவர் வெளியிட்ட நூல் எடுத்துக்காட்டிற்று.

இலங்கைக்கும் இக்கலை புதியதன்று. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவின் உதவியோடு 1956 இல் 1:40,000 என்னும் அளவுத்திட்டத்தில் நாடு முழுவதும் படம்பிடிக்கப்பட்டது. 1961 இல் வெளிவந்த வனவள மதிப்பீடும் 1962 இல் வெளிவந்த மகாவலி கங்கை வடிநில வளங்கள் பற்றிய அறிக்கையும் இப்படங்களின் துணைகொண்டு எழுந்தவை. அக்காலத்தில் நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 44 சதவீதம் காடாக இருந்தது என இன்றும் எடுத்தாளப்படும் கணிப்பு, ஒளிப்படத்தை நோக்கிய சிலர் 'இது காடு, இது காடன்று' எனச் செய்த தீர்மானங்களின் கூட்டுத்தொகையேயாம். எனவே படவாசிப்பு தேர்வுக்கு மட்டும் உரிய திறனன்று. நிலம் பற்றிய அரசின் தீர்மானங்களும் அதனைச் சார்ந்து நிற்கின்றன.

ஒளிப்படம் தேசப்படமன்று

விமான ஒளிப்படத்தை 'மேலிருந்து பார்த்த தேசப்படம்' என அறிமுகஞ் செய்யும் வழக்கம் உண்டு. தொடக்க வகுப்புக்கு இஃது எளிமையானதாயினும் பிழையான விளக்கமாகும். தேசப்படத்தின் எப்பகுதியிலும் அளவுத்திட்டம் ஒன்றே எனப் பாடசாலை மட்டத்திற் கொள்ளலாம். ஒளிப்படத்தில் அவ்வாறு கொள்ளவியலாது. அதன் அளவுத்திட்டம் வில்லையின் குவியத்தூரத்தை நிலத்துக்கு மேலான பறப்புயரத்தால் வகுக்க வருவது. குவியத்தூரம் 152 மில்லிமீற்றர், பறப்புயரம் 3,040 மீற்றர் எனின் அளவுத்திட்டம் 1:20,000 ஆகும். நிலம் உயருமிடத்துப் பறப்புயரம் குறைதலால் அளவுத்திட்டமும் அங்கே வேறுபடும்.

மேலும், உயர்ந்த பொருள்களின் உச்சிகள் படத்தின் மையத்திலிருந்து வெளிநோக்கிச் சாய்ந்து தோன்றும். மேற்கூறிய படத்தில் 300 மீற்றர் உயரமான குன்றொன்றின் உச்சி மையத்திலிருந்து 80 மில்லிமீற்றர் தூரத்தில் அமையுமாயின், அஃது ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் இடம்பெயர்ந்து காணப்படும். நிலத்தில் இஃது ஏறத்தாழ 160 மீற்றருக்குச் சமம். மலைநாட்டுப் படமொன்றில் இரு குன்றுச்சிகளுக்கிடையே அடிமட்டம் வைத்துத் தூரம் அளக்கும் மாணவர் இவ்வழுவை அறியாமலே விடையெழுதுகின்றனர். விடையும் சரியென ஏற்கப்படுகின்றது. குடாநாடு போன்ற சமநிலத்தில் இவ்வழு சிறிதாதலின் அங்கே அளத்தல் பொருந்தும். எங்கே அளக்கலாம், எங்கே அளக்கலாகாது என்பதை அறிதலே இங்குக் கற்கவேண்டியது.

நிழல் எத்திசை வீழும்?

நிறத்தொனி, இழையமைப்பு, வடிவம், பருமன், நிழல், கோலம், அயற்றொடர்பு என்னும் கூறுகளின் பட்டியல் இப்பாடத்தின் முதுகெலும்பாகக் கொள்ளப்படுகின்றது. பல்லாண்டுப் பட்டறிவைத் தொகுத்து 1960 அளவில் அமெரிக்க ஒளிப்பட அளவையியலாளர் ஒழுங்குபடுத்திய கூறுகள் இவை. பட்டியலிற் குற்றமில்லை. அதனைப் பயன்படுத்தும் முறையிலேயே குற்றம் உண்டு. ஒவ்வொரு கூறும் ஒரு கேள்வியாக நிற்கவேண்டியது. வகுப்பறையில் அது விடையாக மாறிவிடுகின்றது. 'நீர் கருமையாகத் தோன்றும்', 'காடு கரடுமுரடான இழையமைப்புடையது', 'ஒழுங்கான வடிவங்கள் மனிதனால் ஆக்கப்பட்டவை' எனச் சூத்திரங்கள் மனனஞ் செய்யப்படுகின்றன.

நிழலை எடுத்துக்கொள்வோம். படத்திலுள்ள நிழல் நோக்குபவரிடமிருந்து அப்பாற் சாய்ந்திருப்பின் குன்று பள்ளமாகவும் பள்ளம் குன்றாகவும் தலைகீழாகத் தோன்றும். ஆதலால் நிழல் நோக்குபவரை நோக்கி விழுமாறு படத்தைத் திருப்பி வைத்தல் வேண்டும். இஃது எங்கும் பொருந்தும் விதி. ஆனால் இடைவெப்ப வலயத்தின் வடபாதி நாடுகளில் நண்பகல் நிழல் ஆண்டு முழுவதும் வடக்கே விழுமாதலின், 'நிழல் வடக்கைக் காட்டும். வடக்கு உன்பக்கம் அமையுமாறு படத்தை வை' என்னும் சுருக்கவிதி அங்குப் பழுதின்றிப் பயன்படும். இலண்டனில் யூன் 21 நண்பகலிலும் சூரியன் தலைக்குத் தெற்கே ஏறத்தாழ 28 பாகையிலேயே நிற்கின்றது.

இலங்கையில் நிலைமை வேறு. ஏப்பிரில் 5 அளவில் இந்நாட்டின் தென்முனைக்கு நேர் உச்சியில் வரும் சூரியன், ஏப்பிரில் நடுப்பகுதியில் வடமுனையைக் கடந்து அப்பாற் செல்கின்றது. ஓகஸ்ட் இறுதியிலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் மீண்டும் தெற்கே வருகின்றது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். யாழ்ப்பாணத்தில் 20 மீற்றர் உயரமான பனையொன்று டிசெம்பர் 22 நண்பகலில் வடக்கே 13 மீற்றர் நிழல் வீழ்த்தும். யூன் 21 நண்பகலில் தெற்கே 5 மீற்றருக்கும் குறைந்த நிழலையே வீழ்த்தும். படமெடுப்போர் நண்பகலைத் தவிர்த்து முற்பகலைத் தெரிந்தாலும், யூன் மாத நிழல் மேற்கோடு சிறிது தெற்குஞ் சார்ந்தே விழும். எனவே இறக்குமதியான சுருக்கவிதியை யூன் மாதப் படத்துக்குப் பிரயோகிக்கும் மாணவர், எந்த மயக்கத்தைத் தவிர்க்க முயன்றனரோ அதனையே தாமாக வருவித்துக் கொள்வர். நிழலின் நீளங்கொண்டு மரத்தின் உயரத்தை மதிப்பிடுவோரும், படமெடுத்த நாளையும் நேரத்தையும் கேட்டறியாராயின் டிசெம்பர்ப் பனை யூன் பனையிலும் மும்மடங்கு உயரமானது என முடிவுசெய்வர்.

இதனை விளக்குதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. பாடசாலை முற்றத்தில் ஒரு தடியை நட்டு, டிசெம்பரிலும் யூனிலும் அதன் நிழலைக் குறித்துக் காட்டினாற் போதும்.

தொனியும் வடிவமும்

நீர் கருமையாகத் தோன்றும் என்பதும் நிபந்தனைக்குட்பட்ட கூற்றேயாம். ஆழமான தெளிநீர் கருமையாகத் தோன்றும். கலங்கிய குளநீரும் ஆழங்குறைந்த கடனீரேரியின் மணற்றளமும் வெளிறித் தோன்றும். சூரிய ஒளி நேரே தெறிக்குமாயின் அதே நீர் வெண்மையாகும். உலர்வலயச் சிறுகுளமொன்று மாரியிற் கருமையாகவும் ஓகஸ்டில் வற்றிப் புல்வெளிபோலவும் தோன்றும். ஆகவே குளத்தை இனங்காண உதவுவது நீரன்று. வளைந்து கிடக்கும் குளக்கட்டும் அதற்குக் கீழே விரியும் வயலுமேயாம்.

காட்டின் நிலையும் இத்தகையதே. கண்டிப் பகுதியின் வீட்டுத் தோட்டங்களில் பலா, தென்னை, கமுகு, மிளகுக்கொடி படர்ந்த மரங்கள் என்பன பல படைகளாக நெருங்கி வளர்கின்றன. மேலிருந்து நோக்குமிடத்து அவற்றின் இழையமைப்பு காட்டினின்று எளிதில் வேறுபடுவதில்லை. கூரைகள் இலைகளின் கீழ் மறைந்துவிடுகின்றன. 'கரடுமுரடான இழையமைப்பு, ஆகவே காடு' என எழுதும் மாணவர் மக்கள் நெருங்கி வாழும் ஊரொன்றை ஆளில்லாக் காடாக்கிவிடுகின்றனர்.

புத்தளக் கடனீரேரியின் ஓரத்தே நிரைநிரையாகக் காணப்படும் நீள்சதுரத் தடாகங்கள் உப்பளமாகவும் இருக்கலாம்; இறால் வளர்ப்புக் குளங்களாகவும் இருக்கலாம். வடிவம் ஒன்றே இங்குத் தீர்ப்புக் கூறாது. தடாகத்துக்குத் தடாகம் தொனி படிப்படியாக வெளிறிச் செல்லுமாயின் நீர் வற்றி உப்பு விளைகின்றது எனக் கருதலாம். படத்தின் ஆண்டும் ஒரு சான்றாகும். இறால் வளர்ப்பு அம்மாவட்டத்திற் பரவியது 1980களிலேயாதலின், 1956 இன் படத்திலுள்ள தடாகங்களுக்கு அவ்விளக்கம் பொருந்தாது. படத்துக்கு வெளியேயுள்ள அறிவு படவாசிப்பில் இன்றியமையாத பங்குகொள்வதை இவ்வுதாரணம் காட்டும்.

காணாததைக் காணல்

வியாக்கியானம் இனங்காண்டலினின்று வேறுபடுமாற்றை ஓர் எடுத்துக்காட்டால் தெளியலாம். 1:40,000 அளவுத்திட்டப் படத்தில் ஒரு மில்லிமீற்றர் நிலத்தில் 40 மீற்றரைக் குறிக்கும். நான்கு மீற்றர் அகலமான தோட்டக்கிணறு அப்படத்தில் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு. வெறுங்கண்ணுக்கு அது புலப்படாது. ஆயினும் வலிகாமத்தின் செம்மண் தோட்டங்களைக் காட்டும் வறண்டகாலப் படமொன்றை நோக்குக. சுற்றிலும் நிலம் வெளிறிக் கிடக்கச் சிறுசிறு துண்டங்கள் மட்டும் கருமையாயுள்ளன. எனவே அங்கே பயிர் பச்சையாக நிற்கின்றது. அதற்கு நீர் கிடைக்கின்றது. அயலிலே ஆறில்லை, பெருங்குளமோ வாய்க்காலோ இல்லை. துண்டங்கள் யாவும் சிறியன, ஒன்றுபோன்ற பருமனுடையன. நீர் ஒவ்வொரு துண்டத்துக்கும் அண்மையிலேயே பெறப்படுகின்றது என்பதற்கு இஃது அறிகுறி. அடியிலுள்ளது நிலத்தடிநீரைத் தேக்கும் சுண்ணாம்புக்கல் என்னும் அறிவும் இதனோடு சேர, படத்தில் ஒரு கிணறேனும் தென்படாதபோதும் கிணற்றுப் பாசனம் உய்த்துணரப்படுகின்றது.

இதுவே வியாக்கியானம். இதன் ஒவ்வொரு படியும் வினவத்தக்கது. ஒவ்வொரு முடிபும் களத்திற் சென்று சரிபார்க்கத்தக்கது. இதே படத்துக்கு 'கருந்தொனி — பயிர்' என விடையெழுதும் மாணவர் பிழை எதுவும் எழுதவில்லை. ஆனால் புவியியல் எதுவும் எழுதவுமில்லை.

கேள்வியும் கண்ணும்

தேடச் சொன்னதையே கண் காண்கின்றது என்பதற்கு வரலாறு தரும் சான்று கொடியது. 1944 ஏப்பிரில் 4 ஆம் நாள் நேசநாடுகளின் வேவுவிமானம் ஒன்று போலந்தின் ஒஸ்விற்ஸ் பகுதிக்கு மேலாகப் பறந்து படமெடுத்தது. செயற்கை எண்ணெய், செயற்கை றப்பர் என்பவற்றை ஆக்குதற்கென அங்கே எழுந்த ஜேர்மன் தொழிற்சாலையே அதன் இலக்கு. படங்களை ஆராய்ந்தோர் கைதேர்ந்தவர்கள். தொழிற்சாலையை அவர்கள் நுணுக்கமாக ஆராய்ந்தனர். அவ்வாண்டில் அப்பகுதிக்கு மேலாக எடுக்கப்பட்ட படச்சுருள்களில் அயலிலிருந்த கொலைமுகாமும் பதிவாகியிருந்தது. ஆயினும் அஃது இன்னதென அறியப்படவில்லை. அது குறித்து அவர்களிடம் எவரும் கேட்கவுமில்லை. 1979 இல் அமெரிக்க வியாக்கியானியர் இருவர், டினோ புறூஜியோனியும் றொபேட் புவாரியேயும், அதே படச்சுருள்களை மீண்டும் ஆராய்ந்து நச்சுவாயுக் கூடங்களையும், 1944 ஓகஸ்ட் 25 இன் படத்திலே அவற்றை நோக்கி நடத்திச் செல்லப்படும் மக்கள் வரிசையையும் இனங்கண்டு வெளியிட்டனர். படம் மாறவில்லை, கருவிகள் ஓரளவு திருந்தியிருந்தன, பெரிதும் மாறியது கேள்வியே.

நம்நாட்டு நிலமும் இவ்விடயத்தில் எம்மை எச்சரிக்கின்றது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் இடம்பெயர்ந்தனர். உயர்பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட தோட்டக்காணிகளும் வளவுகளும் ஆண்டுக்கணக்கிற் பற்றை மண்டிக் கிடந்தன. 2009 இல் போர் முடிந்தபின் அவற்றுட் பல பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. விடுவிக்கப்படுமுன் எடுக்கப்பட்ட செய்மதிப் படிமமொன்றைத் தொனியும் இழையமைப்பும் கொண்டு மட்டும் நோக்குவோர் 'பற்றைக்காடு' என எழுதுவர். நிலப்போர்வையைப் பொறுத்தவரை விடை சரியே. ஆனால் பற்றைக்கூடாக நேராகச் செல்லும் மங்கிய கோடுகள் ஒழுங்கைகள், சதுரங்கள் வளவுகள், கூரையற்ற வெளிறிய கோடுகள் வீட்டுச் சுவர்கள். இயற்கைப் பற்றைக்கு நேர்கோடு இல்லை. 1956 இன் படத்தை அருகில் வைத்து ஒப்புநோக்கும் மாணவருக்கு அங்கே ஊர் ஒன்று இருந்தது என்பது புலனாகும். அவ்வாறு புலனாகாதவிடத்து, வெறுமையென்று குறிக்கப்பட்ட நிலம் உரியவர் இல்லாத நிலமென்று கொள்ளப்படுதல் எளிது. உரிமையை ஒளிப்படம் காட்டாது என்பதையும், காட்டாமை இன்மையாகாது என்பதையும் பாடசாலையே கற்பித்தல் வேண்டும்.

ஆசிரியர் தரப்பு

இக்குறைகள் யாவற்றுக்கும் ஆசிரியரைப் பொறுப்பாக்குதல் நேர்மையாகாது. பெருந்தொகை விடைத்தாள்களை ஒரே அளவுகோலால் மதிப்பிடவேண்டிய தேர்வு ஒற்றைச்சொல் விடையையே விரும்பும். 'உப்பளமாகலாம், இறாற்குளமாகவும் இருக்கலாம், இன்ன சான்றால் முன்னதே பொருத்தம்' என எழுதும் மாணவருக்கு எவ்வாறு புள்ளி வழங்குவது என்னும் இடர்ப்பாடு உண்மையானது. திண்மத்தோற்றம் தரும் ஸ்டீரியோஸ்கோப் கருவியும், ஏறத்தாழ 60 சதவீதம் மேற்படிந்த இணைப்படங்களும் எல்லாப் பாடசாலைகளுக்கும் எட்டுவனவல்ல. பட்டியலும் தன்னளவிற் பயனுடையதே. எங்கே தொடங்குவது என்றறியாத மாணவருக்கு அது கைப்பிடியாக உதவுகின்றது.

2005 இன்பின் செய்மதிப் படிமங்கள் கணினியிலும், பின்னர்க் கைத்தொலைபேசியிலும் எவர்க்கும் எட்டியமையால் இப்பாடம் இனி வேண்டியதில்லை எனக் கூறுவோரும் உளர். உண்மை இதற்கு மறுதலையாகும். அப்படிமங்கள் திருத்தப்பட்டு, ஊர்ப்பெயரும் வீதிப்பெயரும் பொறிக்கப்பட்டு வருகின்றன. வெவ்வேறு நாள்களில் எடுக்கப்பட்டவை ஒட்டுத்தெரியாது இணைக்கப்படுகின்றன. ஓர் ஊரின் மாரிக்காலமும் அயலூரின் கோடையும் ஒரே திரையில் அடுத்தடுத்துத் தோன்றலாம். ஐயத்துக்கு இடமளிக்காத தோற்றமே அவற்றை ஐயுற்று நோக்கவேண்டிய காரணமாகும்.

செய்யத்தக்கன

முதலாவதாக, ஒளிப்படம் எதுவும் எடுக்கப்பட்ட நாள், நேரம், அளவுத்திட்டம் ஆகிய மூன்றுமின்றி மாணவர் கையிற் கொடுக்கப்படலாகாது. இரண்டாவதாக, விடை மூன்று படிகளில் எழுதப்படல் வேண்டும்: காண்பது யாது, அதிலிருந்து உய்த்துணர்வது யாது, இப்படத்தைக் கொண்டு தீர்மானிக்க இயலாதது யாது. மூன்றாவது படிக்கும் புள்ளி உண்டு எனத் தேர்வு ஏற்குமாயின் கற்பித்தல் தானே மாறும். மூன்றாவதாக, முதற்பயிற்சி மாணவரின் சொந்த ஊரின் படத்தோடு தொடங்குதல் வேண்டும். வாசித்த பின்னர் அப்படத்தைக் கையிலேந்தி ஊருக்குள் நடந்து, தாம் பயிரென்றது பயிர்தானா, காடென்றது காடுதானா என அவர்கள் சரிபார்த்தல் வேண்டும். தன் வீட்டுக்கூரையைப் பனங்கூடலெனப் பிழையாக எழுதிய மாணவர் அப்பிழையால் அடையும் பயன், பட்டியலை நூறுமுறை ஒப்புவிப்பதால் அடையும் பயனிலும் பெரிது. பிறருடைய ஊரை மேலிருந்து நோக்கித் தீர்ப்பளிக்குமுன் அவர் தயங்கக் கற்றுக்கொள்வார்.

மேலிருந்து நோக்குபவருக்கு நிலம் முழுவதும் தெரிகின்றது என்பது மயக்கம். அவருக்குத் தெரிவது நிலத்தின் மேற்பரப்பே. அதன்கீழ் வாழ்வோரையும் அதில் வாழ்ந்தோரையும் அறிதற்குக் கீழிறங்கி நடத்தல் வேண்டும். அவ்வாறு நடக்கத் தூண்டும் வரையிலேயே விமான ஒளிப்படம் புவியியற் கல்விக்கு உரிய கருவியாகும்.